துரை வைக்கும் வரை வைக்காதே

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. பகல் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை தோட்டத்து ஆபீஸ் டெலிபோன் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிராணி. பிரிஞ்சாங்கிலிருந்து கோலா தெர்லா போகிற ரோட்டில் பாதியில் பிரிந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம் வரும். கிராணி என்றால் குமாஸ்தா. ஆனால் குமாஸ்தா என்று யாராவது கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்த்ததில்லை. டைப்ரைட்டர் இருந்தது, சுழல் நாற்காலி இருந்தது, பீரோ நிறையப் புத்தகம் இருந்தது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்குக் கர்வம் வர வேறென்ன வேண்டும்?

விஷயம் இதுதான். கொழுந்து பறிக்கும் பொன்னம்மாவின் மகள் வசந்தா ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுத் நர்ஸ் ஆவதற்கான தாதிப் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தாள். காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. இடம் ஒன்று காலியாகி, ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை பகல் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அங்கே தலைமைத் தாதியான மேட்ரன் தோட்டத்து ஆபீசுக்குப் போன் செய்வார். வசந்தாவே பேசிச் சம்மதம் சொல்ல வேண்டும். பேச முடியாவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

வசந்தாவே கடிதத்தைப் படித்துவிட்டாள். ஆனாலும் பொன்னம்மாவுக்கு, கிராணி வாயால் கேட்டால்தான் அது கடிதம். ஆகவே நானும் ஒரு முறை உரக்கப் படித்தேன். படிக்கும்போதே அதில் விட்டுப்போயிருந்த இரண்டு காற்புள்ளிகளைப் பென்சிலால் போட்டுக் கொடுத்தேன். பழக்கதோஷம்.

"ஒண்ணும் கவலப்படாத பொன்னம்மா. டெலிபோன் என் பொறுப்பு" என்றேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் டெலிபோனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்துக்கு வந்தது ஒரே லைன். அதில் மூன்று கருவிகள். ஒன்று என் ஆபீசில், ஒன்று கீழே தேயிலை ஆலையில், ஒன்று மேலே துரை பங்களாவில். வெளியிலிருந்து அழைப்பு வந்தால் மூன்றிலும் மணி அடிக்கும். மூன்றில் ஏதாவது ஒன்றை எடுத்து வைத்திருந்தால், வெளியிலிருந்து கூப்பிடுகிறவருக்கு 'பேசிக்கொண்டிருக்கிறார்கள்' என்ற டொய்ங் டொய்ங்தான் கேட்கும். தோட்டத்துக்குள்ளேயே ஒருவரை ஒருவர் கூப்பிடுவதற்குத் தனியாக ஒரு பொத்தான் உண்டு. ஒரு முறை அழுத்தினால் ஆலை, இரண்டு முறை ஆபீஸ், மூன்று முறை பங்களா.

துரையைப் பற்றியும், அதாவது தோட்ட மானேஜரைப் பற்றியும், சொல்ல வேண்டும். வெள்ளைக்காரத் துரைகள் கப்பலேறிப் பல வருஷம் ஆகியிருந்தது. எங்கள் துரை கிள்ளானில் பிறந்த தமிழர். ஆனால் பங்களாவில் குடியேறிய ஒரே வாரத்தில் அவருக்குத் தமிழ் கொஞ்சம் மறந்துவிட்டது. ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. அவருடைய லேண்ட்ரோவர் சத்தம் கேட்டாலே சைக்கிளிலிருந்து இறங்கினார்கள், மழையிலும் குடையை மடக்கினார்கள். அந்த மரியாதையில் ஊறிய எந்த மனிதனுக்கும் தமிழ் மறக்கத்தான் செய்யும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள், துரை டெலிபோனில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆலையில் டீமேக்கர் ரங்கசாமி ரிசீவரை வைத்துவிட்டார். இலை வாடுவதும் அரைபடுவதும் வறுபடுவதும் எல்லாம் ரங்கசாமியின் மூக்குக்குக் கட்டுப்பட்டது. பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து வைத்திருக்கிறார். துரைக்கு இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருந்திருக்கிறது.

துரை என்னைக் கூப்பிட்டு, இனிமேல் இப்படி நடக்காதபடி ஒரு ரூல் எழுதிக்கொண்டு வா என்றார்.

அவர் கேட்டது ஒன்று. நான் எழுதியது ஒன்பது. பீரோவில் அவ்வளவு புத்தகம் வைத்துக்கொண்டு ஒன்றோடு நிறுத்துவது எப்படி? டைப் அடித்துத் துரையிடம் கையெழுத்து வாங்கி, மூன்று டெலிபோனுக்கும் பக்கத்தில் சோற்றுப் பசை தடவி ஒட்டினேன். ஒன்பதில் இந்தக் கதைக்கு வேண்டியவை ஐந்து.

முதல் விதி: துரை ரிசீவரை வைக்கும் வரை எதிர்முனையில் இருப்பவர் வைக்கக்கூடாது.

மூன்றாம் விதி: வெளியிலிருந்து மணி அடித்தால் ஆபீசில், கிராணி மட்டுமே எடுக்க வேண்டும்.

நான்காம் விதி: துரை லைனில் இருக்கும்போது வேறு குரல் குறுக்கிட்டால் அதற்குப் பதில் சொல்லக்கூடாது.

ஏழாம் விதி: பங்களா டெலிபோனைத் துரையைத் தவிர எவரும் தொடக்கூடாது.

ஒன்பதாம் விதி: துரையின் கையெழுத்து இல்லாமல் இவ்விதிகளில் எதையும் மாற்ற இயலாது.

ஒன்பதாவதை எழுதிவிட்டு எழுந்து நின்று ஒரு முறை வாசித்துப் பார்த்தது நினைவிருக்கிறது. அவ்வளவு அழகாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, முன்னெச்சரிக்கையாக ஆபீஸ் டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தேன். வழக்கமாக வரும் சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாக 'ர்ர்ர்ர்' என்று ஒரு இரைச்சல்.

"ஹலோ" என்றேன். ர்ர்ர்ர். இன்னும் உரக்க ஹலோ சொன்னேன். இரைச்சலுக்கு நடுவே இருமல் மாதிரி ஒன்று கேட்டது. கம்பியில் ஈரம் இறங்கினால் இருமல் மாதிரி சத்தம் வரும் என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததே கேட்கிறதே என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது.

ஆலைக்குப் பொத்தானை ஒரு முறை அழுத்தினேன். பதில் இல்லை. பங்களாவுக்கு மூன்று முறை அழுத்தினேன். பதில் இல்லை. ஆக டெலிபோனும் கெட்டிருக்கிறது, பொத்தானும் கெட்டிருக்கிறது, இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒரே நாளில் வந்திருக்கின்றன என்று முடிவு கட்டினேன்.

பீரோவில் ரேடியோ ரிப்பேர் புத்தகம் ஒன்று இருந்தது. கோளாறு கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு அத்தியாயம். அதன் முதல் பக்கத்தில், மிக எளிய காரணத்தை முதலில் பார்க்கவும் என்று போட்டிருந்தது. அந்தப் பக்கம் எளிய மனிதர்களுக்காக எழுதப்பட்டது என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

டெலிபோனைக் கழற்றினேன்.

பதினொரு மணிக்கே பொன்னம்மாவும் வசந்தாவும் வந்துவிட்டார்கள். இரண்டு மணி அழைப்புக்கு மூன்று மணி நேரம் முன்னால். பொன்னம்மா பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, செடியின் ஈரம் படாமல் இடுப்பில் கட்டிய ரப்பர் துணியோடு அப்படியே வந்திருந்தாள். வசந்தா திருவிழாவுக்கு எடுத்த நீலச் சேலையில் இருந்தாள்.

"போன்ல சேல தெரியாதுலா" என்றேன்.

"பேசறவளுக்குத் தெரியும்ல" என்றாள் பொன்னம்மா. பிறகு என் மேசையைப் பார்த்தாள். டெலிபோன் பதினேழு துண்டாகக் கிடந்தது. "இதுலதான் பேசப் போறாளா?"

"சர்வீஸ் பண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றேன். ரிப்பேர் என்று சொல்ல வாய் வரவில்லை.

திரும்பப் பூட்டியபோது ஒரு ஸ்குரூ மிஞ்சியது. வசந்தா அதை எடுத்துக் காட்டி, சார் இது எங்கே என்று பணிவாகக் கேட்டாள். அது தேவைக்கு அதிகமாகப் போட்ட ஸ்குரூ என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எடுத்துக் காதில் வைத்தேன். ர்ர்ர்ர்.

அடுத்தது கம்பி. ஆபீசிலிருந்து ரோடு வரை கம்பி தேயிலைக்கு மேலே போகிறது. ஓரிடத்தில் காட்டுக்கொடி ஒன்று அதைச் சுற்றிப் படர்ந்திருந்தது. இதோ குற்றவாளி என்று செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும் ஏணியும் எடுத்துக்கொண்டு போனேன். கொடியை வெட்டியது உண்மை. வெட்டிய வேகத்தில் ஏணியோடு தேயிலைச் செடியின் மேல் மல்லாந்து விழுந்ததும் உண்மை.

அந்த வரிசையில் இருபது பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் ரொம்ப அவமானமாக இருந்தது. அவர்களை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் மட்டும் மெல்ல நடந்து வந்து குனிந்து பார்த்து, "கொழுந்து எடுக்க வந்தீங்களா கிராணி? கூடையக் காணோமே" என்று விசாரித்தார்.

பிறகுதான் அவர்கள் சிரித்தார்கள். ஆபீஸ் வரைக்கும் கேட்டது.

இரைச்சல் போகவில்லை. சரி, தொலைபேசி ஆபீசுக்குச் சொல்லிவிடலாம் என்று டெலிபோனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் அதில் உள்ள சிக்கல் புரிந்தது. வசந்தாவும் கவனித்துவிட்டாள். நல்ல பிள்ளை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மோட்டோவை உதைத்து ஸ்டார்ட் செய்து பிரிஞ்சாங் போனேன். வழியெல்லாம் ஒரு முட்டைக்கோஸ் லாரிக்குப் பின்னால். முந்தலாம் என்று நினைத்த ஒவ்வொரு வளைவிலும் எதிரே இன்னொரு கோஸ் லாரி. போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை.

கவுண்டரில் இருந்தவர் எங்கள் நம்பரைப் போட்டுப் பார்த்தார். டொய்ங் டொய்ங். ஏதோ ஒரு மீட்டரைப் பார்த்தார். பிறகு மலாயிலும் தமிழிலுமாகக் கலந்து சொன்னார். லைனில் ஒரு கோளாறும் இல்லை, உங்கள் இடத்தில் யாரோ போனை எடுத்தவர் வைக்கவில்லை, போய் வைக்கச் சொல்லுங்கள்.

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் முதுகு கூசுகிற மாதிரி ஒரு சிரிப்பு. எங்கள் தோட்டத்தில் டெலிபோன் உபயோகத்துக்கென்றே எழுத்து மூலமான ஒன்பது விதிகள் இருக்கின்றன, ஆகவே நீங்கள் சொல்வது நடக்கவே முடியாது என்று விளக்கினேன். சில விதிகளை ஒப்பித்தும் காட்டினேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பூக்கடைக்காரர் ஒருவர் பெருமூச்சு விட்டார்.

கவுண்டர்க்காரர் மறுத்துப் பேசவில்லை. வேண்டுமானால் லைனில் ஊளைச் சத்தம் ஒன்று அனுப்புகிறேன், ரிசீவர் கீழே கிடந்தால் யாராவது ஓடி வந்து வைப்பார்கள் என்றார். அரை நிமிஷம் அனுப்பினார். மறுபடி போட்டுப் பார்த்தார். டொய்ங் டொய்ங். "பார்த்தீங்களா" என்று ஜெயித்த முகத்தோடு கிளம்பினேன்.

ஆபீசுக்குத் திரும்பும்போது மணி இரண்டு ஆகப் பத்து நிமிஷம். நடந்ததைச் சொன்னேன். பொன்னம்மா முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்கேருந்தே ஈப்போவுக்குப் போன் பேசி, இந்த மாதிரி லைன் கெட்டுப்போச்சுன்னு அந்தம்மாட்ட சொல்லியிருக்கலாமே?"

கடிதத்தின் மேலேயே அவர்கள் நம்பர் இருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் நான் காற்புள்ளி போட்டிருந்தேன்.

 

இனி டவுனுக்கு ஓடினாலும், ட்ரங்க் காலுக்குப் பதிந்து காத்திருந்து கிடைப்பதற்குள் மூன்று மணி தாண்டிவிடும். பொன்னம்மா ரப்பர் துணியின் நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். அந்தக் கைகளைப் பார்க்க முடியாமல் நான் டெலிபோனைப் பார்த்தேன்.

வசந்தாதான் வாய் திறந்தாள். "சார், ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லு."

"நீங்க டவுனுக்குப் போயிருந்தப்ப அடிக்கடி எடுத்துக் கேட்டேன். பன்னெண்டு மணிக்கு அந்த ர்ர்ர் சத்தம் நின்னுச்சு. ஒரு மணிக்குத் திரும்ப வந்துச்சு."

"ஈரம் காய்ஞ்சு மறுபடி..." என்று ஆரம்பித்தேன்.

"பன்னெண்டுலேருந்து ஒண்ணு வரைக்கும் ஆலையில சாப்பாட்டு நேரம் சார். மிசின நிப்பாட்டுவாங்க."

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே எழுந்து மோட்டோவுக்கு ஓடினேன்.

ஆலையில், உருட்டு மிசின்களுக்குப் பக்கத்தில், உயரமான ஸ்டூலில் டீமேக்கர் ரங்கசாமி உட்கார்ந்திருந்தார். காதில் ரிசீவர். ஒரு பக்கம் காலி டிபன் கேரியர், கோப்பி குடித்த மங்கு. பெண்கள் வரிசையாக வந்து புளிக்க வைத்த இலையை ஒரு பிடி அவர் மூக்குக்குக் கொண்டுபோனார்கள். அவர் மோந்து பார்த்துவிட்டு, வாய் திறக்காமல், ஒரு விரலைக் காட்டினால் இன்னும் கொஞ்சம், இரண்டு விரலைக் காட்டினால் போதும். ஆலை முழுக்க விரலால் ஓடிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். ரிசீவரின் வாயைத் துவாலையால் பொத்திக்கொண்டு ரகசியமாகச் சொன்னார்: "துரை லைன்ல இருக்காரு."

"எப்பலேருந்து?"

"காலையில ஏழரையிலேருந்து."

"என்ன சொல்றாரு?"

"'ஒரு நிமிஷம் இரு'ன்னாரு."

ரிசீவரையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு கேட்டேன், துரை காலையிலேயே கோலாலம்பூருக்கு மீட்டிங் போய்விட்டாரே, தெரியாதா?

தெரியும் என்றார். ஏழே முக்காலுக்கு லேண்ட்ரோவர் ஆலை கேட்டைத் தாண்டிப் போயிற்றாம். துரை உள்ளேயிருந்து கையைக் காட்டினாராம். இவர் ரிசீவரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, எழுந்து நின்று, வலது கையால் சலாம் போட்டாராம்.

"அப்பவே வைக்கிறதுதானே?"

"துரை போனாரு. போன வைக்கலையே."

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. நான் பத்து மணிக்குக் கத்திய ஹலோ எல்லாம் அவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. நான்காம் விதிப்படி பதில் சொல்லவில்லை. ஒரு முறை இருமல் வந்துவிட்டது, அதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பொத்தான் சத்தமும் கேட்டது, ஆனால் துரையோடு பேசிக்கொண்டிருக்கும்போது பொத்தானுக்கு எப்படிப் பதில் கொடுப்பது? பகலில் காதுக்குள் பயங்கரமாக ஒரு ஊளை கேட்டதாம். துரை ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்து இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

என் மகள் இப்போது சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். எந்த ஊரிலிருந்து யார் கேட்டாலும் பதில் கொடுக்கிற கம்ப்யூட்டராம். இந்தக் கதையைச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. "இது தினம் நடக்கறதுதான்பா. ஒரு கனெக்‌ஷன் முடியாம தொங்கிக்கிட்டு இருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு செட்டிங்ல யாராவது போட மறந்திருப்பாங்க. வெளியிலேருந்து வர்றவன் எல்லாம் வாசல்ல நிப்பான். அந்த செட்டிங்க எழுதினவன் மட்டும் கம்பியச் சோதிச்சிக்கிட்டு இருப்பான்" என்றாள். எழுதினவன் யார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

ரங்கசாமியிடம் திரும்புகிறேன். விஷயத்தைச் சொன்னேன். பொன்னம்மா மகளுக்கு மூன்று மணிக்குள் போன் வர வேண்டும், வைத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் முகம் வருத்தமாகத்தான் போயிற்று. ஆனால் கை இறங்கவில்லை.

"அந்தப் பொண்ணு நல்லா வரணும் கிராணி. ஆனா போன தடவ வச்சதுக்கு, வேலய விட்டே தூக்கிருவேன்னாரு துரை. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. ரூல மாத்தி எழுதிக் கொடுங்க, வைக்கிறேன்."

"இப்பவே எழுதித் தர்றேன்."

"துரை கையெழுத்தோட. ஒம்பதாவது ரூல்."

"அதை எழுதினதே நான்தான்யா!"

"அதான் சொல்றேன். நீங்க படிச்சிருப்பீங்கன்னு."

அவரை விட்டால் ஒரே வழி. மேலே பங்களாவில் துரை கீழே வைத்துவிட்டுப் போன ரிசீவரை அதன் இடத்தில் வைக்க வேண்டும். வைத்தால் அந்தச் சத்தம் இங்கே கேட்கும். கேட்டால் ரங்கசாமிக்கு விடுதலை.

ஆலைக்கும் பங்களாவுக்கும் நடுவில் ஆபீஸ். வாசலில் மோட்டோவை நிறுத்தாமலே விஷயத்தைக் கத்திச் சொன்னேன். மணி இரண்டே முக்கால் ஆகப் போகிறது. பொன்னம்மா கேட்டுக்கொண்டு, மகளை டெலிபோன் பக்கத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டு, தேயிலைக்குள் இறங்கிவிட்டாள். பங்களாவுக்கு ரோடு மலையை மூன்று சுற்றுச் சுற்றிப் போகும். கொழுந்து பறிக்கிறவர்களுக்குச் செடிகளுக்கு நடுவே நேராக ஒரு வழி உண்டு.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் பங்களா வாசலில் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். வாசலை மறித்து நின்றார் குக்கி முனியாண்டி, துரையின் சமையல்காரர்.

முனியாண்டிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. காலையிலேயே முன் ரூமைத் துடைக்கும்போது பார்த்தாராம். ரிசீவர் மேசை மேல் தனியாகக் கிடந்தது. ஏழாம் விதிப்படி தொடவில்லை. தொடாமல் அதைச் சுற்றித் துடைத்தார். தூசி படக்கூடாதே என்று மேலே ஒரு பூப்போட்ட துவாலையும் போட்டு மூடி வைத்தார். இதைச் சொல்லும்போது என் பாராட்டை எதிர்பார்த்தார்.

"முனியாண்டி, ஒரே ஒரு நிமிஷம், நான் உள்ள போய் வச்சிட்டு வந்துர்றேன்."

"துரை இல்லாதப்ப முன் ரூமுக்கு யாரும் போகக்கூடாது ஐயா. போனாலும் போனத் தொடக்கூடாது. நீங்க ஒட்டின நோட்டீசுதான், அந்தா இருக்கு."

அந்தா இருந்தது. நானே டைப் அடித்தது. வாசலிலிருந்தே கண்ணில் படுகிற மாதிரி ஏழாம் விதிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு வேறு போட்டிருந்தேன். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். விதியில் 'எவரும்' என்று எழுதியிருப்பதை எப்படி வியாக்கியானம் பண்ணலாம் என்று உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பொன்னம்மா நோட்டீசைப் பார்த்தாள். முனியாண்டியைப் பார்த்தாள்.

"இதுலயா எழுதியிருக்கு?"

"ஆமா."

"எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு, சேற்றுக் காலோடு, துரையின் கம்பளத்தின் மேல் நேராக நடந்து போனாள். துவாலையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தாள். ரிசீவரை இரண்டு கையாலும் தூக்கி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெதுவாக அதன் இடத்தில் வைத்தாள்.

முனியாண்டி வாயைத் திறந்தவர் மூடவில்லை. கீழே ஆலையில் அந்த நேரம் ரங்கசாமி எழுந்து நின்று, "சரிங்க துரை" என்று சொல்லி ரிசீவரை வைத்தார் என்று பிறகு தெரிந்தது.

மூன்று பேரும் டெலிபோனையே பார்த்துக்கொண்டு நின்றோம். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஆக எட்டு நிமிஷம். ஏழு நிமிஷம்.

மணி அடித்தது.

என் கை தானாக நீண்டது. முனியாண்டி அதைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் விதி என்றார். வெளி அழைப்பைக் கிராணிதான் எடுக்க வேண்டும்.

"நான்தானே கிராணி!"

"கிராணிதான் ஐயா. ஆனா இது ஆபீசு இல்லையே."

இரண்டாவது மணி. மூன்றாவது மணி. கீழே ஆபீசில் வசந்தாவுக்குப் பக்கத்திலும் இதே மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணுக்கு நேரே, சுவரில், கிராணியைத் தவிர யாரும் எடுக்கக்கூடாது என்று ஒட்டியிருந்தது. ஒட்டியவன் இங்கே நின்றுகொண்டிருந்தான். அவள் சொன்னபடி கேட்கிற பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பரிசே வாங்கியவள்.

நான்காவது மணி பாதியில் நின்றது.

எடுத்துவிட்டாளா, மேட்ரன் வைத்துவிட்டாரா? பங்களா டெலிபோனை எடுத்துக் கேட்டால் தெரிந்துவிடும். முனியாண்டி என் கையை விடவில்லை. பொன்னம்மா அதற்குள் மறுபடி தேயிலைக்குள் இறங்கியிருந்தாள். இந்த முறை நானும் மோட்டோவை மறந்துவிட்டு அவள் பின்னால் ஓடினேன். வழியில் இரண்டு இடத்தில் விழுந்தேன். பழகிவிட்டிருந்தது.

ஆபீஸ் வாசலில் பொன்னம்மா நின்றுவிட்டாள். உள்ளே போகப் பயந்து நின்றாள். நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

வசந்தா என் சுழல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் ரிசீவர். "யெஸ் மேட்ரன்... யெஸ், மேட்ரன்" என்று சொல்லிக்கொண்டே வேகமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். குரலில் நடுக்கமே இல்லை. கடைசியாக நன்றி சொன்னாள். எதிர்முனையில் வைக்கிறார்களா என்று காத்திருக்கவில்லை, பேச்சு முடிந்தது, வைத்துவிட்டாள். அப்படியும் ஒரு டெலிபோனை உபயோகிக்க முடியும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"என்னாடி சொன்னாங்க?" என்றாள் பொன்னம்மா, வாசலிலிருந்தே.

"திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்கம்மா."

பொன்னம்மா படியில் உட்கார்ந்தாள். அன்று முழுக்க அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். சேற்றுக் காலை நீட்டிக்கொண்டு, "அப்ப சேலய மாத்திட்டு வா, கசங்கிரும்" என்றாள்.

வசந்தா எழுதிய தாளை என்னிடம் நீட்டினாள், சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று. கறுப்புச் சப்பாத்து ஒரு ஜோடி, வெள்ளைக் காலுறை, பிறந்த சூரா என்கிற பிறப்புப் பத்திரம், இரண்டு படம், திங்கள் காலை எட்டு மணி. அழகான கையெழுத்து. தாளின் நான்கு மூலையிலும் காய்ந்த சோற்றுப் பசை ஒட்டியிருந்தது.

திருப்பிப் பார்த்தேன். ஒன்பது விதிகள்.

"மன்னிச்சிருங்க சார். அவசரத்துக்கு வேற பேப்பர் கெடைக்கல."

"முன்பக்கம் படிச்சியா?"

"படிச்சேன் சார். அதான் திருப்பிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து அந்த ஸ்குரூவை எடுத்து மேசை மேல் வைத்தேன். அதை வைத்து என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. தாளை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை துரை கூப்பிட்டு அனுப்பினார். டீமேக்கரோடு பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் வைத்துவிட்டுப் போன ரிசீவர், திரும்பி வந்து பார்த்தால் அதன் இடத்தில் இருக்கிறது. கம்பளத்தில் மண் வேறு. யாரோ பங்களா டெலிபோனைத் தொட்டிருக்கிறார்கள். முனியாண்டியைக் கேட்டால், விதியில் பதில் சொல்லச் சொல்லி எங்கும் எழுதவில்லை என்று நிற்கிறான். இது விதிமீறல். இதை விசாரித்து எழுத்து மூலம் அறிக்கை கொடுக்க வேண்டும். விதிகளை எழுதியவர் என்ற முறையில் நீங்களே விசாரணை அதிகாரி.

சரிங்க துரை என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில், புதிதாக டைப் அடித்து ஒட்டப்போகிறேன் என்று சொல்லி, பங்களாவில் இருந்த நோட்டீசையும் ஆலையில் இருந்த நோட்டீசையும் கையோடு உரித்து எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு மதியம் டீ போட என் அடுப்பு நன்றாகப் பற்றிக்கொண்டது.

பிறகு உட்கார்ந்து அறிக்கையை டைப் அடித்தேன்: தீர விசாரித்ததில், விதிகள் எழுதப்பட்ட தாள் எங்கும் அகப்படாததால், மீறப்பட்டது எந்த விதி என்று நிச்சயமாகச் சொல்ல இயலவில்லை.